கல்லில் வைத்த சோறு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஒரே ஒரு முறை காம்பிங் போனது. அதுவும் ஜூலை மாதத்தில். ஆக்லாந்தில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம். புல்லில் கால் வைத்தால் சப்பாத்து நனைந்துவிடும், நாலு நாளில் மூன்று நாள் மழை தூறும். என் வகுப்புப் பிள்ளைகள் கிறிஸ்மஸ் விடுமுறையில், நல்ல வெயிலில், கூடாரத்தையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்று அந்தக் கதையைச் சொல்லுவார்கள். நானும் எழுந்து நின்று, யாராவது ஒருவருடைய பிறந்தநாள் விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருவேன். நாங்களும் போவோம் என்று மூன்று வருடமாக வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"கூடாரத்துக்குள்ள இருந்தது காணாதே பிள்ளை?" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிப்பார். அவரும் அம்மாவும் இங்கே வருவதற்கு முன் எங்கெங்கே எத்தனை மாதம் கூடாரத்தில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றும் விளங்கவில்லை.

ஆகவே, அந்த ஜூலையில் ஒருநாள் அப்பா வந்து, வெள்ளிக்கிழமை காட்டுக்குப் போகிறோம், ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிறோம் என்று சொன்னபோது நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். குளிர்காலத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கலாம்.

அப்போது நாங்கள் மாசி என்ற புறநகரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு பண்டசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். வேறு யாருடையவோ அப்பாமாரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, மாத்திரை கொடுத்து, கஞ்சி பருக்கிவிட்டு வருவாள். எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. வீட்டுக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்கள், படிவங்கள், தெருவில் தென்படுகிற அறிவிப்புப் பலகைகள் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது நான்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும்; ஆனால் அரசாங்கத்து ஆங்கிலத்தை அவள் நம்புவதில்லை. ஒரு முறை ஏதோ ஒரு படிவத்தில் அம்மாவின் தகப்பனார் பெயருக்கு எதிரே உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எதில் புள்ளடி போடுவது என்று கேட்டேன். "அதை விடு. மற்றதை நிரப்பு" என்றாள். அதிகாரிகள் கேட்ட கேள்வியை வெறுமையாக விடுவது தப்பு என்று நான் வாதாடியது நினைவிருக்கிறது. நான் அப்படிப்பட்ட பிள்ளை. விதி என்றால் விதி.

அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு சான்றிதழும் கிடைத்திருந்தது. காட்டுப் பறவைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று நான் வரைந்த சுவரொட்டிக்கான பரிசு அது. மனிதர்கள் போடும் சாப்பாட்டுக்கு எலி வரும், எலி வந்தால் கூட்டிலிருக்கும் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும், ஆகவே காட்டில் ஒரு பருக்கையும் விட்டுவரக் கூடாது என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். சான்றிதழை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அதை டிவி மேசையில் சட்டம் போட்டு வைக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் டிவி மேசையில் இடமில்லை. அங்கே படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன: ரொறன்ரோவில் இருக்கும் மாமா, அவருடைய பிள்ளைகள், கலியாணக் கோலத்தில் அப்பாவும் அம்மாவும், நான் குழந்தையாக, நடுவில் அம்மப்பா.

அம்மப்பா என்பது அம்மாவின் அப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பவரிடம் ஏதோ கேட்க வாய் திறந்தவர் மாதிரி இருப்பார். எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு வேறு இடம் இருந்தது. சாமி அறைச் சுவரில், சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையும் ஒரு சின்ன மின்விளக்குமாக அவர்கள் இருந்தார்கள். அம்மம்மா அங்கே இருந்தார். அம்மப்பா டிவி மேசையில், எங்களோடு இருந்தார்.

அவருக்கு நடந்ததை நான் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். போரின் கடைசி மாதங்களில், சனத்தோடு சனமாக நடந்து வந்தவரை ஒரு சோதனைச் சாவடியில் வரிசையிலிருந்து விலக்கி, ஒரு பேருந்தில் ஏற்றியிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பேருந்து எங்கே போய் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அப்போது அம்மா ஆக்லாந்தில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரை இங்கே கூப்பிடுவதற்கான விசாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு ஆறு வருடம் தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் கை ஈரத்தைத் துடைக்காமலே ஓடிவந்து எடுப்பாள். பெரும்பாலும் யாராவது மின்சாரக் கட்டணத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். "தாங்க் யூ, தாங்க் யூ" என்று சொல்லி மெதுவாக வைப்பாள்.

அந்த வருடம் ஜூலைத் தொடக்கத்தில் மாமா தொலைபேசி எடுத்தார். அம்மா சமைத்தபடியே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முதலில் என் படிப்பை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இந்த முறை ஆடி அமாவாசைக்கு நான் விரதம் பிடிக்கப்போறன்."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"இருந்தால் இப்ப எண்பத்திரண்டு அக்கா. சீனி வருத்தக்காரன். குளிசை இல்லாமல் ஆறு வருஷம் ஆர் இருப்பினம்? நாங்கள் ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காமல் அவரை அலையவிடுறம்."

"உனக்கு வேணுமெண்டால் நீ பிடி. என்ரை அப்பா இருக்கிறார்" என்று சொல்லி அம்மா தொலைபேசியை அணைத்துவிட்டாள். மூன்று வாரம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காலையில் ஓடுகிற தண்ணீரிலோ கடலிலோ முழுகி, மத்தியானம் சைவமாகச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு ஒரு பங்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். காகம் எடுத்தால் போனவர் வந்து உண்டார் என்று அர்த்தம். தகப்பன் இருக்கிறவர்கள் அந்த விரதத்தைப் பிடிக்கவே மாட்டார்கள். பிடித்தால், அவரைத் தன் வாயாலேயே இறந்தவர் என்று சொன்னதாகிவிடும். ஒன்பது வயதில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. அந்த அமாவாசை ஒரு சனிக்கிழமையில் வருகிறது என்பதும், அதற்காகவே வெள்ளிக்கிழமை காட்டுக்குப் புறப்படுகிறோம் என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

கூடாரத்தை அப்பா வேலைத்தலத்தில் ஒருவரிடம் இரவல் வாங்கினார். அம்மா புதிதாக ஒரு சட்டியும் பானையும் வாங்கினாள். வீட்டில் இருக்கிறவை மீன் இறைச்சி பட்டவை என்றாள். காம்பிங்குக்குப் புதுப் பானையா என்று எனக்கு ஒரே பெருமை. போகிற வழியில் பக்குரங்காவில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் நின்று, வேலியோரத்து வாழையில் இரண்டு இலை வெட்டினோம். குளிர்காலத்துக் காற்றில் கிழியாமல் தப்பியவை அந்த இரண்டும்தான்.

"காம்பிங்குக்கு வாழையிலையோ? நீங்கள்தான் சரியான தமிழாக்கள்" என்று அந்த வீட்டு அன்ரி சிரித்தார்.

"பிள்ளைக்கு ஒரு ஆசை" என்றாள் அம்மா. நான் வாழையிலைக்கு ஆசைப்பட்டதே இல்லை. ஆனால் காரியம் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பக்குரங்காவைத் தாண்டியதும் நான் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்குவதாக நினைத்தால் அவர்கள் சுவாரசியமாகப் பேசுவார்கள் என்பது அனுபவம்.

"கோயிலில செய்திருக்கலாம். ஐயர் இருக்கிறார், நாலு ஆக்கள் இருக்கினம்" என்றார் அப்பா.

"ஆக்கள் இருக்கினம் எண்டுதான் அங்க போகேல்லை. நாளைக்கு அப்பா வந்து நிண்டால், நான் ஆரின்ரை முகத்தில முழிக்கிறது?"

அப்பா கியரை மாற்றினார். அம்மாவே மேலே பேசினாள்.

"சோறு வைக்கிறன். காகம் எடுத்தால் அவர் இல்லை எண்டு எடுக்கிறன். எடுக்காட்டி இருக்கிறார். அதுக்குப் பிறகு தம்பி வாய் திறக்கக்கூடாது. நீங்களும்தான்."

அப்பா வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "இஞ்ச காகம் ஏதப்பா?"

அம்மா மடியிலிருந்த வாழையிலையை நேராக்கினாள். எனக்குத்தான் நாக்குத் துடித்தது. ஊரில் இருக்கிற காகம் இந்த நாட்டில் இல்லை என்பதைப் பறவைப் பாடத்தில் படித்திருந்தேன். தூங்குகிற பிள்ளை எப்படிப் பதில் சொல்லும் என்று அடக்கிக்கொண்டேன். அவர்கள் பேசிய மற்றது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும், தெரிந்துதான் அப்படி ஒரு பந்தயம் கட்டினாள் என்று நினைக்கிற வயது எனக்கு இல்லை.

ஹுனுவா மலைக்காட்டை அடையும்போது பின்னேரம் நாலரை. ஆற்றங்கரையில் நல்ல புல்வெளி. ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய். எங்களைத் தவிர ஒரு குருவிகூட முகாமடிக்க வந்திருக்கவில்லை. காட்டுக்குள் போகும் பாதையின் வாசலில், சப்பாத்தைத் தூரிகையால் தேய்த்து மருந்து தெளித்துவிட்டுப் போக ஓர் இடம் கட்டியிருந்தார்கள். சப்பாத்தில் ஒட்டிவரும் மண்ணால் அந்தக் காட்டின் கௌரி என்ற பெரிய மரங்களுக்கு நோய் வருகிறது என்று பலகையில் எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். அம்மா உடனே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வெறுங்காலோடு வந்து நின்றாள். கோயில் வாசலில் செய்வதைத்தான் செய்தாள்.

அந்த நேரம் பச்சைச் சீருடை போட்ட காட்டு அதிகாரிப் பெண் ஒருவர் வண்டியில் வந்தார். வெறுங்காலோடு நின்ற அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குளிருக்குப் போர்வை போதுமா என்று விசாரித்தார். பிறகு, இங்கே குப்பைத்தொட்டி கிடையாது, குப்பையைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும், சாப்பாட்டை வெளியில் வைக்கவே கூடாது, எலி வரும் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லி என் சுவரொட்டியைப் பற்றியும் விளக்கினேன். அவர் குனிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியானால் இந்த இடத்தை உன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"சாப்பாடு வெளிய வைக்கக்கூடாதாம்" என்று அம்மாவிடம் மொழிபெயர்த்தேன்.

"ஓம், ஓம்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா ஒரு பழைய நூல்சேலையோடு ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலேதான் ஓடியது. உட்கார்ந்து மூன்று முறை தலையை முழுகினாள். மூன்றாவது முறை எழுந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. அப்பா துவாயை விரித்துக்கொண்டு கரையில் நின்றார். அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. நானும் இறங்கட்டுமா என்று கேட்டேன். "நீ வேண்டாம். உனக்கு அப்பா இருக்கிறார்" என்றாள் அம்மா, பல் கிட்டியபடி. அப்பா இருந்தால் ஆற்றில் ஏன் இறங்கக்கூடாது என்று எனக்குக் கோபம் வந்தது. நீந்தத் தெரிந்தது வீட்டில் எனக்கு மட்டும்தான்.

அதன்பிறகு அம்மா புதுப் பானையில் சமைத்தாள். கேஸ் அடுப்புக்குக் காற்றுப் படாமல் அப்பா பெட்டிகளை அடுக்கி மறைப்புக் கட்டினார். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், பாயசம். ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்தில் காத்தோட்டிக்காய் என்று ஒரு கசப்புக்காய் சமைப்பார்கள். அது இங்கே கிடைக்காது என்பதால் பாகற்காய் பொரித்தாள். எனக்கும் அப்பாவுக்கும் பாணும் ஜாமும். அம்மா ஒரு சொட்டுத் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் வாழையிலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, ஆற்றோரம் இருந்த தட்டையான கல்லின் மேல் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீரால் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து நின்று, மரங்களைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். முதலில் மெதுவாகக் கூப்பிட்டாள். அடுத்த முறை சத்தமாக. மூன்றாவது முறை அவள் குரல் உடைந்தது. அக்கரையில் மரங்கள் அசைந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா திரும்பி வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரி இப்போது வந்தால் என் மானம் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. கொஞ்ச நேரத்தில் வால் விரிக்கிற ஒரு சின்னக் குருவி வந்து கல்லைச் சுற்றிப் பறந்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு இரண்டு வாத்துகள் தண்ணீரிலிருந்து ஏறி, ஆடி ஆடி இலையை நோக்கி நடந்தன.

"வாத்து எடுத்தால் சேராதோ?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

அம்மா எழுந்து ஓடினாள். கையிலிருந்த துவாயை வீசி, "சூ! சூ!" என்று வாத்துகளை ஆற்றுக்குள்ளேயே துரத்தினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், "காகம் எண்டால் காகம்தான்" என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்பாக ஒரு குருவி வந்தது. மஞ்சள் அலகு, ஆக்லாந்து வீட்டுத் தோட்டங்களில் புழு கிளறுமே, அதுதான். அதையும் துரத்தினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது என் மனம் குளிர்ந்தது. அம்மா முதலில் மறந்துபோய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டாள். இப்போது அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்து பறவைகளை அண்டவிடாமல் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வைத்ததைத் தானே எடுத்தால் வெட்கம் என்று பேசாமல் இருக்கிறாளாக்கும் என்றும் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பா கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். "கொஞ்ச நேரம் படுத்திரும். பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனார்.

நான் கல்லடிக்குப் போனேன். ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. இலையை நான்காக மடித்தேன். கூடாரத்துக்குப் பின்னால் இருந்த குப்பைப் பையைத் திறந்து, அடியில் தள்ளி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். எலி மோப்பம் பிடிக்கக்கூடாது என்று ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கல்லையும் கழுவினேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் செய்ததில்லை.

அம்மா எழுந்து வந்தாள். கல்லைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"சோறு எங்க?"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுவதைப் போல் பெரிய குற்றம் இல்லை. தட்டில் இரண்டு பருக்கை மிஞ்சினாலே அம்மா பதுங்குகுழியில் பசியோடு கிடந்த கதையைத் தொடங்குவாள். ஒரு இலைச் சோற்றைக் குப்பையில் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"ஏதாவது வந்து எடுத்ததோ? நீ கண்டனியோ?"

"ஓம்" என்றேன். மொழிபெயர்த்துச் சொல்லும்போது தவிர, நான் அம்மாவுக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவேன். அன்று தமிழில் சொன்னேன்.

"கறுப்போ?"

"ஓம்."

"பெரிசோ?"

"ஓம். பெரிசு."

"வடிவாக் கண்டனியோ பிள்ளை? இலை எங்க?"

"ஆத்துக்குள்ள போட்டுது."

அம்மா ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் ஓடிய பக்கமாகவே நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கல்லின் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்து, கழுவிய கல்லின் மேல் கையை வைத்தாள். சத்தம் போட்டு அழவில்லை. "அப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். தண்ணீர்க் கலனோடு வந்த என் அப்பா, தன்னைத்தான் கூப்பிட்டதுபோல, கலனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

அவர்தான் அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். அம்மா சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். பாகற்காய் கசக்கவில்லையா என்று கேட்டேன். "இல்லை" என்றாள். அவள் கண்ணிலிருந்து வடிந்தது நாடியில் நின்று சோற்றில் விழுந்தது. உறைப்புத்தான் கூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அப்பா கூடாரத்தைக் காயப்போட்டார். நான் என் அறைக்குப் போகும் வழியில் குசினியை எட்டிப் பார்த்தேன். அம்மா குப்பைப் பையைத் தரையில் வைத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். போத்தல் வேறு, தகரம் வேறு, மற்றது வேறு என்று பிரிப்பது அவள் வழக்கம். அது எப்படி எனக்கு மறந்துபோயிற்று என்று தெரியவில்லை. நான் அசையவில்லை. அவள் ஜாம் போத்தலை எடுத்தாள். பால் பெட்டியை எடுத்தாள். பிறகு நான்காக மடித்த வாழையிலையை எடுத்தாள்.

இலையைப் பிரித்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், பாகற்காய். பாயசம் மட்டும் கசிந்திருந்தது. முழங்காலில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கதவடியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் அடிக்குத் தயாரானேன்.

"போய்க் கையைக் கழுவு. சாப்பிடுவம்" என்றாள்.

இலையை அதே மடிப்பில் மடித்து, பின்கதவைத் திறந்து, எலுமிச்சை மரத்தடியில் கொண்டுபோய் விரித்து வைத்தாள். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அன்று மத்தியானம் மாமாவுக்கு அவளே எடுத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர்கள் பேசினார்கள். நான் சோபாவில் இருந்தேன். அம்மா என்னைப் பார்த்தபடிதான் பேசினாள்.

"ஓம் தம்பி. நானும் செய்தாச்சு... ஓம், எடுத்தது. பிள்ளை கண்டவள்."

மறுபக்கம் மாமா அழுவது எனக்கே கேட்டது. அம்மா அழவில்லை. "அழாதை. அப்பா சாப்பிட்டிட்டார். நீ அழாதை" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அம்மாவும் சேர்ந்து பொய் சொல்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோறு கொட்டியதற்கு மாமாவிடமும் திட்டு வாங்காமல் என்னைத் தப்ப வைக்கிறாள் என்று நினைத்து, அவள் மேல் எனக்கு அளவில்லாத அன்பு உண்டாயிற்று.

அந்தக் கிழமை எங்கள் வீட்டுத் தொலைபேசி இரண்டு மூன்று முறை அடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. அப்பாதான் போய் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது டிவி மேசையின் நடுவில் என் சான்றிதழ் இருந்தது. கண்ணாடி போட்ட புதுச் சட்டத்துக்குள், என் பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது. சாமி அறையிலிருந்து சந்தன வாசனை வந்தது. சின்ன மின்விளக்கு இன்னொன்று அங்கே புதிதாக எரிந்தது. நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்று, என் சான்றிதழைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். இத்தனை நாளாக இடமில்லை என்று சொன்னார்களே, கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.